மேலச்சரிவு போன விதம்

1952 பிப்ரவரி 24, ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை எங்கள் வீட்டில் எல்லா ஞாயிற்றுக்கிழமைகளிலும் நடப்பதுதான் நடந்தது. வேதக்கோவிலில் முதல் மணி அடிப்பதற்கு முன்பே அம்மா குளித்துவிட்டு அடுக்களையில் புட்டு அவித்துக்கொண்டிருந்தாள். அப்பா முன்னறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று சவரம் செய்தார்; அது முடியும்வரை அவரிடம் யாரும் பேசக் கூடாது. மலைத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்திருந்த கங்காணி முற்றத்துச் சக்கைப் பலா மரத்தடியில் குத்தவைத்து அதற்காகவே காத்திருந்தார். அக்கா எனக்குத் தலையில் எண்ணெய் தேய்த்து, வகிடெடுத்து, இரட்டைச் சடை போட்டாள். அவள் வாரினால் கண் இழுபடும். முனகினால் சீப்பின் முதுகால் உச்சியில் ஒரு தட்டு விழும்.

பிறகு நான் மாட்டுத் தொழுத்துக்குப் பின்னால் போய்ப் புள்ளிக்கோழியின் கூடையில் கைவிட்டு முட்டையை எடுத்து வந்தேன். சூடு ஆறியிருக்கவில்லை. அம்மா அதை ஈரத்துணியால் துடைத்து, என் கைக்குட்டையில் சுற்றி முடிச்சிட்டுக் கொடுத்தாள். கைக்குட்டையின் மூலையில் அக்கா நீல நூலில் தைத்த பூ ஒன்று உண்டு. அன்று கோவிலில் அறுப்பின் பண்டிகை. கும்பப்பூ நெல் அறுத்துக் களம் ஏறியதும் சபையார் தங்கள் விளைச்சலில் ஒரு பங்கைக் கொண்டுபோய்ப் படைப்பார்கள். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் ஆளுக்கொரு முட்டை கொண்டுபோக வேண்டும். சாயங்காலம் எல்லாவற்றையும் ஏலம் போடுவார்கள்.

என்னோடு பெண்கள் பக்கத்துப் பாயில் உட்கார்ந்து, பிரசங்க நேரத்தில் பாயின் ஓலையைப் பிய்த்துக்கொண்டிருந்தவர்களில் சிலர் இன்னும் இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். போன மாதம் பெரியப்பாவின் பேரன் எங்கள் குடும்ப வரலாற்றை அச்சடித்து, உறவினர் வீடுகளுக்கெல்லாம் காரில் கொண்டுபோய்க் கொடுத்தான். வழுவழுப்பான தாள், அட்டையில் தாத்தாவின் படம். உங்களுக்கும் வந்திருக்கும். அதில் எங்கள் அப்பாவுக்கு ஒரு முழுப் பக்கம். அறுப்பின் பண்டிகையன்று ஆவியானவரால் ஏவப்பட்டு அப்பா தம்முடைய கிராம்புத் தோட்டத்தைச் சபைக்குக் காணிக்கையாகக் கொடுத்தாராம். அவருடைய துணைவியார் அந்த இடத்திலேயே நன்றியுடன் எழுந்து நிற்க, சபை முழுவதும் எழுந்து பாடியதாம்.

இரண்டு முறை படித்தேன். பிறகு அந்தப் புத்தகத்தை ஆடிக்கொண்டிருந்த என் மேசைக்காலுக்கு அடியில் வைத்தேன். இப்போது மேசை ஆடவில்லை.

தோட்டம் அப்பாவுடையது அல்ல. அம்மா எழுந்தது நன்றி சொல்வதற்கு அல்ல. அம்மாவின் கை என் தோளில்தான் ஊன்றியிருந்தது. எனக்குத் தெரியும்.

தாத்தாவிலிருந்து தொடங்க வேண்டும். அவர் பனையேறியின் மகன். காப்பித் தோட்டத்துத் துரைமாருக்குக் கூலியாள் பிடித்துக் கொடுக்கும் கங்காணியாக மலை ஏறியவர். காப்பிச் செடிக்கு நோய் கண்டு துரைமார் ஒவ்வொருவராகக் கப்பல் ஏறியபோது, அவர்கள் கைவிட்ட சரிவுகளை அடிமாட்டு விலைக்கு வாங்கினார். கீரிப்பாறைக்கு மேலே காப்பி நின்ற இடத்தில் நல்லமிளகு, அதற்குப் பிறகு ரப்பர். பேரனின் புத்தகம் இதையெல்லாம் உழைப்பு என்கிறது. தாத்தா பிடித்துக் கொடுத்த ஆட்கள் குளிர்காய்ச்சலில் செத்து அந்தச் சரிவுகளிலேயே புதைக்கப்பட்டதைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. சின்ன வயதில் ரப்பர் மர வரிசைக்கு நடுவே கல் கூட்டி வைத்திருந்த மேடுகளைப் பார்த்து, அது என்ன என்று கேட்டிருக்கிறேன். கரையான் புற்று என்றார்கள்.

மலையில் விளைந்ததை விற்க நாகர்கோவிலில் ஒரு மலஞ்சரக்குக் கடை போட்டார் தாத்தா. மிளகு, ஏலம், சுக்கு, சாதிக்காய், புகையில் உணக்கிய ரப்பர் ஷீட் எல்லாம் அங்கே போகும். அவர் இறந்ததும் கடை பெரியப்பாவுக்கும் மலை அப்பாவுக்கும் என்று பிரிந்தது. அன்று முதல் இருவருக்கும் ஒரே வியாதி. மலைதான் பெரிசு என்று பெரியப்பா சொல்லிக்கொண்டு திரிந்தார். கடைதான் பெரிசு என்று அப்பா. பெரியப்பா மேசை இழுப்பறையைத் திறந்தால் ரொக்கம் இருக்கும். அப்பாவின் ஆஸ்தி முழுவதும் மரத்தில் நின்றுகொண்டிருந்தது. இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் முதலில் எடுக்கப்படும் பொருள் எப்போதும் ஒரு பிள்ளையின் முட்டைதான். அதைத் தாத்தாதான் எடுப்பார். ஆண்கள் பக்கத்து முதல் பெஞ்சிலிருந்து கையை உயர்த்தி, எந்த முட்டையும் பெறாத ஒரு விலையைச் சொல்வார். யாரும் மேலே கேட்க மாட்டார்கள். முட்டையை அவர் வாங்கிக்கொள்ளவும் மாட்டார். ஐயருக்கு என்று சொல்லிவிடுவார், ஐயர் அதை மறுபடி ஏலத்துக்கே விட்டுவிடுவார். போதகரை நாம் ஐயர் என்போம்; இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. முதல் முட்டை எங்கள் வீட்டுக்கு என்பது எழுதாத சட்டம். அந்த வருடம் தாத்தா இல்லை. எங்கள் வீடு என்றால் அண்ணன் வீடா, தம்பி வீடா என்று சபை காத்திருந்தது.

இதில் அம்மாவுக்கு எந்தப் பங்கும் இல்லை. அவளுக்கு இருந்தது மேலச்சரிவு.

அம்மாவைப் பெற்ற தாத்தா மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். கல்யாணத்தின்போது அம்மாவுக்குச் சீதனமாக, எங்கள் ரப்பருக்கு மேலே, ஓடையை ஒட்டிய ஒரு மொட்டைச் சரிவை வாங்கிக் கொடுத்தார். பத்திரத்தை மாப்பிள்ளையின் பேரில் எழுதினார். பெண்ணின் பேரில் எழுதினால் மாப்பிள்ளை வீட்டாரை நம்பாதது போல ஆகிவிடும் என்று அந்தக் காலத்தில் நினைத்தார்கள். சொட்டுக்கூடத் தப்பாமல் மருந்து கலக்கிய மனிதர், தம் மகள் விஷயத்தில் கலக்கியது இப்படி.

அம்மா அங்கே கிராம்பு வைத்தாள். கிராம்புக் கன்று செல்லப்பிள்ளை போல. முதல் சில கோடைகளில் நிழலும் தண்ணீரும் கொடுக்காவிட்டால் கருகிவிடும். அப்பாவின் ஆட்களுக்கு ரப்பர் வேலையே சரியாக இருந்தது. அம்மா கைக்குழந்தையான அக்காவை ஓடைக்கரையில் தொட்டில் கட்டிப் போட்டுவிட்டு, இடுப்பில் குடம் வைத்துத் தண்ணீர் சுமந்தாள். கன்றுகளுக்குத் தென்னோலை மறைப்புக் கட்டினாள். கிராம்பு தன் இஷ்டத்துக்குத்தான் வளரும். நான் பிறந்து நடக்கத் தொடங்கிய பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாக மொட்டு விட்டது. அது பல்வலிக்கும் பிரியாணிக்கும் போயிற்று. தாத்தா இறந்த அந்த வருடம்தான் தோட்டம் முழுவதும் ஒன்றாக மொட்டுக் கட்டியது.

கங்காணியும் கூலியாட்களும் அதை அம்மா தோட்டம் என்றே சொல்வார்கள். அப்பாவும் அப்படித்தான் சொல்வார். சொல்வதற்குச் செலவில்லை.

அக்காவுக்கு அப்போது பதினேழு. இன்டர்மீடியட் இரண்டாம் வருடம். திருவனந்தபுரத்தில் அப்போதுதான் மருத்துவக் கல்லூரி திறந்திருந்தார்கள். அக்கா அதில் சேர விரும்பினாள். விரும்பினாள் என்பது குறைவான சொல். இரவு சாப்பாட்டுக்கு அறுத்த கோழியின் இதயத்தைத் தனியாக எடுத்து, பிளேடால் கீறி, அறைகளை எனக்குக் காட்டுவாள். அப்பாவிடம் மருத்துவக் கல்லூரியைப் பற்றிக் கேட்டபோது, பொட்டப்பிள்ளை படித்து யாருக்கு ஊசி போடப் போகிறாள் என்று கேட்டுவிட்டு வெளியே போய்விட்டார். மறுநாள் அம்மா மரச்சீனிக்கிழங்கு தொலித்துக்கொண்டே அக்காவிடம் சொன்னாள்:

“நீ அவியகிட்ட இனி கேக்கண்டாம் மக்கா. மேலச்சரிவு உன்ன படிக்க வைக்கும். மொட்டு சிவக்கட்டும்.”

அந்த மாதம் நாகர்கோவிலிலிருந்து ஒரு தகரப் பெட்டி வந்தது. கறுப்புப் பெயிண்ட் அடித்தது, மூடியில் அக்காவின் பெயர் வெள்ளை எழுத்தில். விடுதிக்குக் கொண்டுபோவதற்கு. அக்கா அதில் ஒரு போர்வையும் ஒரு சோப்பும் மட்டும் வைத்து, தினமும் திறந்து மூடுவாள். பெட்டிக்குள்ளிருந்து சோப்பு வாசனை வரும்.

பண்டிகைக்கு முந்தின வாரம் அம்மாவும் அக்காவும் நானும் மேலச்சரிவுக்குப் போனோம். வாசனை ஓடையைத் தாண்டும்போதே வந்துவிட்டது. பச்சையாக இருக்கும் கிராம்பு மொட்டுக்குக் கடையில் வாங்கும் கிராம்பின் வாசனை கிடையாது. அது இன்னும் ஈரமானது, மூக்கைக் கொஞ்சம் கடிப்பது. கொத்துக் கொத்தாக மொட்டுகள், அடிப்பக்கம் இளஞ்சிவப்பு ஏறியிருந்தது. கிராம்பில் சூட்சுமம் அதுதான். சிவப்பு ஏறியதும் பறித்துவிட வேண்டும். நாள் தள்ளிப்போய் மொட்டு விரிந்து பூவாகிவிட்டால், அப்புறம் அது பார்க்க அழகு, அவ்வளவுதான்; காசுக்கு ஆகாது. நான் ஒரு மொட்டைக் கடித்துவிட்டு நாக்கு மரத்துப்போய் நின்றேன். மொட்டு பறிக்கும் பெண்களின் மூப்பத்தி என் கன்னத்தைப் பிடித்து, இனி வீட்டில் அமைதி இருக்கும் என்று அம்மாவிடம் சொன்னாள். அவர்களுக்கு வேலை அடுத்த திங்கட்கிழமை தொடங்கும் என்று அம்மா சொல்லி வைத்தாள். மொட்டை வெயிலில் உணக்குவதற்கான பனையோலைப் பாய்களை ஓடையில் அலசிப் பாறையில் விரித்தோம். அக்கா ஒவ்வொரு மரமாகத் தொட்டுக்கொண்டு போனாள்.

இனி பண்டிகைச் சாயங்காலம்.

கோவிலுக்குள் மூக்கைத் துளைக்கும் பலாப்பழ மணம். பீடத்துக்குக் கீழே நெல் மூட்டை, வாழைக்குலை, கருப்பட்டிச் சிப்பம், கால் கட்டிய சேவல்கள். பெரியப்பா நாகர்கோவிலிலிருந்து வாடகைக் காரில் வந்து இறங்கி, ஆண்கள் பக்கத்து முதல் பெஞ்சின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்தார். மறு ஓரத்தில் அப்பா. நடுவில் தாத்தா உட்காரும் இடம் காலியாக இருந்தது. பெண்கள் பக்கம் பாய் விரிப்பில் அம்மா, அவளுக்கு இடப்பக்கம் அக்கா, வலப்பக்கம் நான். உங்களில் இரண்டு பேர் எங்களுக்குப் பின்னால் இருந்தீர்கள்.

ஏலம் கூறுவது பள்ளிக்கூட வாத்தியார். அவர் முட்டைக் கூடையில் கண்ணை மூடிக்கொண்டு கைவிட்டார். வெளியே எடுத்தது நீல நூல் பூ. என் முட்டை. நான் அக்காவை முழங்கையால் இடித்தேன். வாத்தியார் முடிச்சை அவிழ்த்து முட்டையை உயர்த்திப் பிடித்து, இது கோழி இட்டது, நான் இட்டதில்லை, விலையைப் பற்றி என்னிடம் கோபிக்க வேண்டாம் என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

அப்பா கையை உயர்த்தி, தாத்தா வழக்கமாகச் சொல்லும் விலையைச் சொன்னார். வாத்தியார் ஒரு தரம் என்று சொல்ல வாயெடுத்தபோது பெரியப்பா இருமினார். இருமிவிட்டு அதன் இரட்டிப்பைச் சொன்னார்.

சபை கழுத்தைத் திருப்பியது. அப்பா மேலே ஏறினார். பெரியப்பா இன்னும் மேலே. எவ்வளவு வரை போனது என்று எனக்கு நினைவில்லை. முதலில் சிரித்துக்கொண்டிருந்தார்கள், பிறகு சிரிப்பு நின்றது, பிறகு கட்டிவைத்த சேவல் இறக்கை அடிப்பது மட்டும் கேட்டது. இதில் நடுவே வந்து போதும் என்று சொல்லியிருக்க வேண்டியவர் ஐயர். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். கோவிலுக்கு அந்த வருடம் ஓடு மாற்ற வேண்டியிருந்தது.

அப்பா கோட்டுப் பைக்குள் கைவிட்டுப் பார்த்தார். திரும்பிக் கங்காணியைப் பார்த்தார். கங்காணி தரையைப் பார்த்தார். அப்போது பெரியப்பா முகத்தைத் திருப்பாமலே, ஆனால் கடைசி பெஞ்சு வரை கேட்கும்படி சொன்னார்:

“தம்பி, கையில வல்லதும் உண்டுமா? இல்லேங்கி மரத்துல உள்ள இலையத்தான் எண்ணித் தருவியா?”

ஆண்கள் பக்கம் முழுவதும் சிரித்தது. பெண்கள் பக்கத்திலும் சிலர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினார்கள். அப்பாவின் பிடரி சிவந்தது. கோவிலின் பக்கவாட்டு ஜன்னல்கள் வழியாக மலை தெரியும். சாயங்கால வெயில் மேல் சரிவுகளில் மட்டும் நிற்கும் நேரம் அது. அப்பா ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு எழுந்து நின்றார்.

“மேலச்சரிவு. மரத்தோட, மொட்டோட.”

வாத்தியார் கையிலிருந்த முட்டையைப் பார்த்தார். தோட்டத்தையா சொல்கிறீர்கள் என்று தாழ்ந்த குரலில் கேட்டார். அப்பா ஆமாம் என்றார். பெரியப்பா தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு பெஞ்சில் சாய்ந்தார். அவருக்கு அந்த முட்டை ஒருபோதும் வேண்டியிருக்கவில்லை.

பெண்கள் ஏலம் கேட்கும் வழக்கம் நமக்கு இல்லை. விதவை கேட்க வேண்டுமென்றால்கூட ஒரு டீக்கனின் காதில் சொல்லி, அவர் வாயால் கேட்க வேண்டும். கோவிலுக்குள் பெண்ணின் குரல் பாட்டில் மட்டும்தான் எழும்பலாம். பெண்கள் ஏலம் கேட்கக் கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது என்று பின்னாளில் தேடிப் பார்த்தேன். எழுதப்படவில்லை.

அம்மா என் தோளை ஊன்றி எழுந்தாள். அந்தப் பிடி எலும்பு வரை வலித்தது. பாய் முழுவதும் உட்கார்ந்திருக்க, அவள் ஒருத்தி மட்டும் நின்றாள். வாயைத் திறந்தாள். அதே நேரத்தில் ஐயர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார். பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. இரண்டு கைகளையும் விரித்தார்.

“சகோதரியே நன்றியோட எழுந்து நிக்காங்க. நாம மட்டும் உக்காந்து இருக்கலாமா?”

சபை எழுந்தது. பெஞ்சுகள் இழுபடும் சத்தம், பாய்கள் சரசரக்கும் சத்தம். யாரோ காணிக்கை எடுக்கும்போது பாடும் பெட்டிப்பாட்டைத் தொடங்கிவிட்டார்கள். எந்தப் பாட்டு என்று உங்களுக்கு நினைவிருக்கும், நீங்களும் பாடினீர்கள். கடைசிச் சரணம் வரை நன்றாகவே பாடினீர்கள். அன்றிலிருந்து நான் அதைப் பாடுவதில்லை. அந்தப் பாட்டு வரும்போது செருப்பைத் தேடுவது போல வெளியே போய்விடுவேன்.

அம்மா பாடவில்லை. அவள் உதடுகள் அசைந்தன. பக்கத்தில் நின்ற எனக்கும் அக்காவுக்கும் மட்டும் கேட்டது:

“அது எனக்க தோட்டம். அது எனக்க தோட்டம்.”

இதைத்தான் பேரன் நன்றி என்று அச்சடித்திருக்கிறான்.

வெளியே வந்ததும் பெண்கள் அம்மாவைச் சூழ்ந்துகொண்டார்கள். மயினி, உங்கள் வீட்டுக்காரருடைய விசுவாசம் யாருக்கு வரும் என்றாள் ஒருத்தி. புள்ளிக்கோழிக்கு இனி முத்துச்சோளம்தான் போட வேண்டும் என்றாள் இன்னொருத்தி. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூட அம்மாவின் முகம் தெரியவில்லை என்பதை என்னால் இன்றுவரை நம்ப முடியவில்லை. தெரிந்தும் பேசினார்கள் என்றால் அது இன்னும் மோசம்.

முட்டையை அப்பா ஐயருக்குக் கொடுக்கவில்லை. வழக்கப்படி கொடுத்திருந்தால் மறுபடி ஏலத்துக்கு வந்து, பெரியப்பா அதை ஒரு சக்கரக் காசுக்கு எடுத்துவிடுவார் என்று பயந்தார். கைக்குட்டையோடு கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார். வழியெல்லாம் கையால் பையைப் பொத்திக்கொண்டே வந்தார். வீட்டில் நுழைந்ததும் அம்மாவிடம் நீட்டி, பத்திரமாக வைக்கச் சொன்னார். அம்மா வாங்கி, முட்டை வைக்கும் அரிசிப் பானைக்குள் வைத்தாள். கைக்குட்டையை உதறி மடித்து என்னிடம் கொடுத்தாள். பிறகு விளக்கேற்றினாள். விளக்கு நின்று எரியத் தொடங்கிய பிறகுதான் கேட்டாள்:

“அது எனக்க அப்பா எனக்குத் தந்ததுல்லா?”

“எனக்க பேருலதான தந்தாரு.”

“நாளைக்கு மொட்டெடுக்க ஆளு வரும்.”

“வரண்டாம்னு சொல்லு. நான் சபையில சொன்ன வாக்கு. பின்ன என்ன, அவனுக்க முன்னால வாயப் பொத்திக்கிட்டு இருக்கச் சொல்லுதியா?”

கேள்வி ஒன்று மிச்சமிருந்தது. அதை அக்கா கேட்டாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, அப்போ என் படிப்பு என்று கேட்டாள். அப்பா சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே, கர்த்தருக்குக் கொடுத்தவர்களை அவர் கைவிடுவதில்லை என்றார். ஐயரின் குரலிலேயே சொன்னார்.

அதற்குப் பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மொட்டோடு கொடுத்த தோட்டத்தை யார் பறிப்பது, எப்படி விற்பது என்று முடிவெடுக்கச் சபைக் கமிட்டி கூடியது. கூடியவர்கள் நெல்காரர்கள், பனைக்காரர்கள். கிராம்பு நாள் பொறுக்காது என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்த அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. ஓடு மாற்றுவதைப் பற்றி ஒரு கூட்டம், ஏலத்தில் முறை தப்பியதா என்பதைப் பற்றி ஒரு கூட்டம். அதற்குள் மேலச்சரிவு முழுவதும் பூத்துவிட்டது. நானும் அக்காவும் போய்ப் பார்த்தோம். மரம் மரமாக, மெல்லிய நரை போலக் கேசரம் விரித்த பூக்கள். தேனீக்கள் இரைந்துகொண்டிருந்தன. அலசி வைத்த பாய்கள் பாறையிலேயே கிடந்தன. அக்கா ஒரு பூங்கொத்தை ஒடித்து, கசக்கி, ஓடையில் எறிந்தாள்.

மறு வருடம் கமிட்டி தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டது. எடுத்தவர் பெரியப்பா. சில வருடங்களில் கிரயமாகவே வாங்கிவிட்டார். ரொக்கம் கையில் இருந்தது அவரிடம் மட்டும்தான். நாங்கள் திருவிதாங்கூரை விட்டுச் சென்னை மாநிலத்தோடு சேர்ந்த வருடம் நான் நாகர்கோவிலில் படித்தேன். பள்ளிக்கூடம் போகும் வழியில் பெரியப்பாவின் கடை. பின்முற்றத்தில் பாய் விரித்துக் கிராம்பு உணங்கும். அந்த வாசனை தெருமுனை வரை வரும். மூக்கைப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடப்பேன். தோழிகள் எனக்குக் கிராம்பு ஒத்துக்கொள்ளாது என்று நினைத்தார்கள்.

கோவில் முகப்பில் இன்றும் ஒரு கல் இருக்கிறது. மேலச்சரிவைக் கொடுத்தவர் என்று அப்பாவின் பெயர். பெரியப்பாவின் பெயரில் இன்னொரு கல், கூரை ஓடு கொடுத்ததற்கு. அம்மாவின் பெயர் கல்லறைத் தோட்டத்தில் மட்டும் இருக்கிறது, அங்கேயும் இன்னாருடைய மனைவி என்று.

அக்காவை அடுத்த தை மாதம் தக்கலைப் பக்கம் ரப்பர் வியாபாரி ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். நல்ல மனிதர்தான்; குறை சொல்ல மாட்டேன். அக்கா அந்த ஊரில் பிரசவத்துக்கெல்லாம் ஓடிப்போய் நின்றாள். டாக்டர் வரும்வரை என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது, டாக்டர் வந்தபின் வெளியே போகச் சொன்னார்கள். கல்யாணமாகிப் போகும்போது அவள் தகரப் பெட்டியைக் கொண்டுபோகவில்லை. வெள்ளை எழுத்து உதிர்ந்துவிட்டது. இப்போது என் நாட்குறிப்புகள் அதில் இருக்கின்றன. தேதி போட்டு எழுதும் பழக்கம் எனக்கு அந்த வருடம்தான் பிடித்துக்கொண்டது.

பேரனுக்குப் புத்தகத்தின் அடுத்த பதிப்பு வருகிறதாம். திருத்தம் இருந்தால் சொல்லச் சொன்னான். சொன்னேன். அம்மாவின் தோட்டம் என்று எழுது, அம்மா எழுந்தது தடுக்க என்று எழுது என்றேன். அத்தை, இது சந்தோஷமான புத்தகம் என்றான். நாளைக்கு உங்களைக் கேட்டால் நீங்களும் பாட்டைத்தான் நினைவில் வைத்துச் சொல்வீர்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

1952 பிப்ரவரி 25, திங்கட்கிழமை. மொட்டு பறிக்கத் தொடங்கியிருக்க வேண்டிய காலை. நான் எழுந்து அடுக்களைக்குப் போனபோது அம்மா அடுப்பை மூட்டியிருந்தாள். காப்பிக்கு வெள்ளம் வைக்கவில்லை. புட்டுக்குழல் கொடியடுப்பின் பக்கத்தில் கவிழ்ந்தபடியே இருந்தது. அரிசிப் பானையிலிருந்து அந்த முட்டையை எடுத்து, சின்ன வெண்கலச் சட்டியில் போட்டு அவித்தாள். அது கொதிக்கும்வரை அடுப்புக்கு முன்னால் நின்றாள். பிறகு பச்சைத் தண்ணீரில் இட்டு, ஓட்டைத் தட்டி, ஒரு கீறல் படாமல் உரித்தாள்.

துரைமார் போகும்போது தாத்தாவுக்கு விட்டுச் சென்ற பீங்கான் தட்டு ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது, ஓரத்தில் பொன்வரி போட்டது. விருந்தாளிகளுக்கு மட்டும் எடுப்பது. அம்மா அதைத் துடைத்து, நடுவில் முட்டையை வைத்து, முன்னறை மேசையில் அப்பாவின் நாற்காலிக்கு நேரே வைத்தாள். வேறொன்றும் வைக்கவில்லை. அக்காவும் நானும் சுவரோரமாக நின்றோம்.

அப்பா சவரம் முடித்து வந்து உட்கார்ந்தார். தட்டைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். முட்டையிலிருந்து லேசாக ஆவி போய்க்கொண்டிருந்தது.

“நல்லமிளகுப் பொடி இல்லியா?” என்று கேட்டார் அப்பா.

அம்மா அசையவில்லை. அக்கா போய் எடுத்து வந்து வைத்தாள். அவர் அதைத் தூவி, முழுவதையும் தின்றார்.